இரட்சிப்பு போய்விட்டதோ என்று பயம் வந்தால் என்ன செய்வது

இரவு ஏழரைக்குப் பிறகு எங்கள் படலையடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றால், மனுசி என்னைக் கேட்காமலே கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவாள். காணி விசயமாக வருகிறவர்கள் பகலில்தான் வருவார்கள், கையில் ஃபைலோடு. இரவில் வருகிறவர்களிடம் ஃபைல் இருக்காது. கதிரையின் விளிம்பில் இருப்பார்கள். மழை, உழுந்து விலை, யானை வந்த கதை எல்லாம் முடிந்து, தேத்தண்ணியும் பாதி முடிந்த பிறகு அந்தக் கேள்வி வரும்: "ஐயா, என்ர இரட்சிப்பு போட்டுது போல கிடக்கு. திரும்ப எடுக்க ஏலுமோ?"

தேவன் பாவத்தை மன்னித்துத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதைத்தான் இரட்சிப்பு என்கிறார்கள். நான் போதகர் இல்லை. பிரதேச செயலகம் ஒன்றின் காணிக்கிளையில் 28 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நெடுங்கேணிப் பக்கம் வீடு. மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன்; ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வர முடியாத ஞாயிறுகளில் என்னைப் பிரசங்கம் பண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பயத்தோடு நானே இரண்டு வருடம் படுத்து எழும்பியிருக்கிறேன். அதனால் வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை: அந்த இரவில் எதையும் தீர்மானிக்காதீர்கள். வேதத்தைத் திறந்து, பயமுறுத்துகிற எபிரெயர் ஆறாம் அதிகாரத்துக்குப் போகவும் வேண்டாம். சாப்பிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். அவன் சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டான். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடத்தான் சொன்னான். பேச்சுவார்த்தை எல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். சோறு தின்னாத வயிற்றுக்கும் நித்திரை கொள்ளாத தலைக்கும் எல்லா வசனமும் தீர்ப்பு மாதிரித்தான் கேட்கும்.

விடிந்ததும் ஒரு தாள் எடுங்கள். இரட்சிப்பு போய்விட்டது என்று ஏன் நினைக்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "எல்லாம் பிழைச்சுப்போச்சு" என்று எழுதினால் கிழித்துவிட்டு வேறு தாள் எடுங்கள். காணிக்கிளைக்கு வந்து "என்ர காணியில பிரச்சினை" என்று மட்டும் சொன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும்? எந்தத் துண்டு, எந்த எல்லை, யார் வேலி போட்டது என்று சொன்னால்தான் வெளிக்களத்துக்குப் போகலாம். பயமும் அப்படித்தான். எழுதியவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் எழுதியிருப்பது இதுதான்: "முன்னம் மாதிரி உணர்வு இல்லை." ஜெபத்தில் கண்ணீர் வருவதில்லை, பாட்டில் நெஞ்சு நிறைவதில்லை, ஆகவே ஆவியானவர் போய்விட்டார்.

இவர்களுக்கு நான் என் அப்பாவின் உறுதியின் கதையைச் சொல்வேன். (இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்கள் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் காணிப் பத்திரத்துக்குப் பெயரே உறுதிதான்.) 2008இல் யுத்தத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, வயல் உறுதியை யூரியாப் பைக்குள் சுற்றி, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தாட்டுவிட்டுப் போனேன். பிறகு எல்லாரையும் போல முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் கிடந்து, ஒருநாள் திரும்பி வந்தோம். மிதிவெடி எடுக்கிறவர்கள் வேலையை முடித்த பிறகுதான் கொட்டிலடிக்குப் போகவிட்டார்கள். தோண்டினேன். டின்னின் அடி துருவேறி விட்டிருந்தது. பைக்குள் தண்ணீர் போய், தண்ணீர் போன வழியால் கறையானும் போயிருந்தது. தாள் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கறுத்த களி. ஒரு மூலை மட்டும் மிச்சம்: நொத்தாரிசின் முத்திரையில் அரைவட்டம், ஒரு நகம் அளவு.

அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன். இதில் வெட்கமான பகுதி என்னவென்றால், "உறுதி துலைஞ்சா காணி துலைஞ்சதில்லை" என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான பேருக்குச் சொன்னவன் நான். எனக்குத் தெரியும்: நொத்தாரிசு ஒரு உறுதியை முடிக்கும்போது ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று தன் கோவைக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. தெரிந்தும் அழுகை வந்தது. வவுனியாப் பதிவகத்துக்குப் போனேன். லிகிதர் பெரிய பதிவேடு ஒன்றைத் தூக்கிவந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். அப்பாவின் பெயர், மையில். நான் ஓடிய நாளிலும், பங்கருக்குள் கிடந்த நாளிலும், கறையான் தின்றுகொண்டிருந்த நாளிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

இரட்சிக்கப்பட்டேன் என்ற உங்கள் நிச்சயம் டின்னுக்குள் இருக்கிற பிரதி. இரட்சிப்பு காணி. பிரதி நனையும், மங்கும், கறையான் தின்னும். அதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது, ஆனால் காணி நிற்பது அதிலே அல்ல. பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று இயேசு அனுப்பிய எழுபது பேரும் சந்தோஷமாய்த் திரும்பி வந்தபோது அவர் என்ன சொன்னார்? "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்." அனுபவத்தில் இருந்து அவர்களுடைய கண்ணை எடுத்துப் பதிவேட்டின் பக்கம் திருப்புகிறார். ஆகவே உணர்வு காய்ந்த நாளில் உங்களுக்குள்ளே தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். யோவான் 10:28ஐச் சத்தமாக வாசியுங்கள்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." யாருடைய கை என்று பாருங்கள். நாங்கள் அவரைப் பிடித்திருக்கிற பிடியைப் பற்றி அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வன்னியில் இதை விளங்கிக்கொள்வதற்கு ஒரு தடை இருக்கிறது. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர் உறுதிக் காணியில் வளரவில்லை, பெர்மிட் காணியில் வளர்ந்தவர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம். அதிலே நிபந்தனைகள் உண்டு. காணியில் குடியிருக்க வேண்டும், அபிவிருத்தி செய்ய வேண்டும், கேட்காமல் விற்கக் கூடாது. மீறினால் நோட்டீஸ் வரும், பெர்மிட் ரத்தாகலாம். அந்த நோட்டீசுகளை எழுதிய கைகளில் இதுவும் ஒன்று. எங்கள் ஜீப் சத்தம் கேட்டதும் ஒரு தாய் ஓடிப்போய் விழுந்த வேலிக்கதியாலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அந்தத் தாயைப்போலத்தான் நாங்கள் தேவனுக்கு முன்னால் நிற்கிறோம். இரண்டு நாள் ஜெபம் விட்டால் நோட்டீஸ். ஒரு கோபம், ஒரு பொய், ஒரு அசுத்த நினைப்பு: ரத்து. ஆகவே அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, எழுதிய தாளை எடுத்து உங்களையே கேட்பது: நான் இதை எழுதியது பெர்மிட்காரனாகவா, பிள்ளையாகவா? ரோமர் 8:15ஐப் பக்கத்தில் எழுதுங்கள். "திரும்பவும் பயப்படுகிறதற்கு" நாங்கள் ஆவியைப் பெறவில்லை, "அப்பா பிதாவே" என்று கூப்பிடுவதற்கே பெற்றோம் என்கிறது. எபேசியர் 2:8 இதை "தேவனுடைய ஈவு" என்கிறது. ஈவு என்றால் சும்மா தருகிற கொடை. ஈவில் புதுப்பிக்கும் திகதி இராது.

"அப்ப, என்னவும் செய்யலாமோ?" இந்தக் கேள்வியும் வரும், பெரும்பாலும் பயப்படாதவர்களிடமிருந்து. உறுதிக் காணியை வைத்துக்கொண்டு பத்து வருடமாக மண்வெட்டி பிடிக்காதவர்களை நீங்களும் அறிவீர்கள். அது யாருக்குச் சொந்தம் என்பதில் வழக்கில்லை. ஆனால் வயலைக் காணோம், நாயுருவியும் பாம்பும்தான். சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருதரமும் காணிக்குள் கால் வைக்காதவனைப் பார்த்து, உண்மையிலே இவன் சொந்தக்காரன்தானா என்று ஊர் கேட்பதும் நியாயம்தான். அந்தக் கேள்வியை வேதமும் கேட்கிறது. பயப்படுகிறவர்களைப் பார்த்து அல்ல, நிம்மதியாகக் குறட்டை விடுகிறவர்களைப் பார்த்து.

சரி, தாளில் ஒரு குறிப்பான பாவம் எழுதியிருந்தால்? அப்போது வசனத்தைப் பனடோல் மாதிரிப் போடாதீர்கள். ஒருவர் வந்தார், மரணச் சங்கத்தின் பொருளாளர். சங்கக் காசில் 40,000 ரூபாயை எடுத்து வயலுக்குப் போட்டுவிட்டார். அந்த வருடம் வெள்ளம். மூன்று மாதமாக நித்திரை இல்லை, "நான் இரட்சிக்கப்பட்டவன்தானோ" என்று கேட்டார். அவருக்கு நான் யோவான் பத்தை வாசிக்கவில்லை. காசை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அடுத்த கிழமை சங்கத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். இரண்டு தவணையில் கட்ட ஒத்துக்கொண்டார்கள். முதல் தவணை கட்டும் முன்னமே நித்திரை வந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அந்தப் பயம் சத்துருவிடமிருந்து வந்ததல்ல. முள்ளுக் குத்தினால் கால் நோவதுபோல, உயிர் இருக்கிற இடத்தில் வருகிற நோ. 1 யோவான் 1:9 அறிக்கையிடச் சொல்கிறது. அறிக்கையிடுங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகும் பயம் நின்றால், அதை வேறு கணக்கில் பார்க்கலாம்.

பாவமா இல்லையா என்றே தெரியாமல் தவிக்கிறவர்களும் உண்டு. சைவக் குடும்பத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளை. அம்மாவின் அந்தியேட்டிக்கு (செத்தவர்களுக்குச் செய்கிற சடங்கு) போய், சகோதரங்களோடு நின்று, படையலில் கை வைத்திருக்கிறாள். வெளியூரில் இருந்து வந்த ஒரு பிரசங்கியார், ஜீவபுஸ்தகத்தில் இருந்து, அதாவது பரலோகத்துப் பதிவேட்டில் இருந்து, பெயர் கிறுக்குப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். பஸ் ஏறுகிறவர்களுக்கு இது லேசு. நான் அவளுக்கு 2 இராஜாக்கள் 5ஐத் திறந்து கொடுத்தேன். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் சுகமானபின் எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்கிறான்: என் ஆண்டவன் (அவனுடைய ராஜா) என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டிவருமே, இதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசாவின் பதில் மூன்று சொல்கூட இல்லை. "சமாதானத்தோடே போ." அடுத்த திவசத்துக்கு என்ன செய்வது என்பதை அவள் தன் ஐயரோடு இருந்து ஆறுதலாக யோசிக்கலாம். அம்மாவுக்காக அழுததற்காகப் பெயர் வெட்டுப்படாது.

பயமுறுத்துகிற வசனம் எதுவானாலும் ஒரு முறை உண்டு: முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம். விலகிப்போனவர்களைத் திரும்பவும் மனந்திரும்பப் பண்ண முடியாது என்கிற எபிரெயர் 6:4 முதல் 6 வரை வாசித்துவிட்டு வேதத்தை மூடுகிறார்கள். ஏழும் எட்டும் வயலைப் பற்றியது, எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே மழை, ஒரு நிலம் பயிரை முளைப்பிக்கிறது, இன்னொன்று முள்ளை. ஒன்பதில் எழுதினவர் குரலை மாற்றுகிறார்: "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." அப்புறம் எபிரெயர் 10:26. சத்தியத்தை அறிந்த பிறகு வேண்டுமென்றே பாவம் செய்தால் இனிப் பலி இல்லை என்கிறது. அது தடுக்கி விழுந்தவனைச் சொல்லவில்லை. 29ஆம் வசனத்தில் தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிக்கிறவன் என்று ஆளை அடையாளம் காட்டுகிறது. தெரிந்தே மிதித்துக்கொண்டு போகிறவன் இரவு ஏழரைக்குச் சைக்கிள் மிதித்து என்னிடம் வரமாட்டான்.

மன்னிப்பே இல்லை என்று இயேசு எச்சரித்த, ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒருவரை மறக்க முடியாது. 2009இல் பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கடவுளைப் பார்த்துச் சொன்ன சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு ஆலயத்துக்குள் போகவில்லை. கோபத்தில் என்று எல்லாரும் நினைத்தோம். பயத்தில். மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டவன் உள்ளே போனால் மற்றவர்களுக்கும் கேடு என்று நினைத்துப் பதினொரு வருடம் படலைக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டிருக்கிறார்.

இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். நான் சங்கீதம் 88ஐ மட்டும் வாசித்தேன். அது வெளிச்சம் இல்லாமலே முடிகிற சங்கீதம். கடைசியில் "ஆனாலும் துதிப்பேன்" என்று ஒன்றும் வராது. வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "இதையும் வேதத்துக்குள்ள வச்சிருக்கினமோ?" வைத்திருக்கிறார்கள். யோபு மூன்றாம் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை வந்தபோதுதான் மாற்கு 3:30. அந்த எச்சரிப்பை இயேசு ஏன் சொன்னார் என்று அந்த வசனமே சொல்கிறது: "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறானென்று அவர்கள் சொன்னபடியினாலே." நோயாளி சுகமாவதைக் கண்ணால் கண்டும், எருசலேமில் இருந்து வந்து, நிதானமாக, யோசித்து, இது பேயின் வேலை என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள். பிள்ளையின் உடம்போடு இருக்கிற தகப்பனின் கத்தல் அந்தக் கணக்கில் வராது. அந்தச் சொல் கடவுளிடம்தானே போனது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது.

உங்கள் போதகர் வேறு மாதிரிச் சொல்கிறாரா? சொல்வார். சபைகள் இதில் ஒரே கருத்தில் இல்லை. தேவன் தெரிந்துகொண்டவர்கள் கடைசிவரை காக்கப்படுவார்கள் என்று 1618–19இல் டோர்ட் நகரத்தில் கூடிய சீர்திருத்த சபைச் சங்கம் எழுதிவைத்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கின எங்கள் ஜோன் வெஸ்லி, விசுவாசி விலகிப்போகவும் கூடும் என்று போதித்தவர். பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் அந்த வழிதான். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்துச் சங்கத்தில், விசேஷ வெளிப்பாடு இல்லாமல் தன் முடிவைப் பற்றி ஒருவர் முழுநிச்சயம் கொள்ள முடியாது என்றது. நம்பிக்கையோடு இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வழக்கை உங்கள் பயத்தின் நடுவில் தீர்க்க வெளிக்கிடாதீர்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: போகலாம் என்று சொல்கிறவர்கள்கூட, சட்டைப் பையில் இருந்து தேசிய அடையாள அட்டை விழுவதுபோல இரட்சிப்பு தெரியாமல் விழுந்துவிடும் என்று சொல்லவில்லை. அது ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துபோவது. அவனுக்கும் வழி திறந்திருக்கிறது என்றே வெஸ்லி சொன்னார். அவரைப் பற்றி இன்னொன்று. 1738 மே 24 அன்று ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தன் இருதயம் அதிசயமாய் அனல்கொண்டது என்று எழுதினவர், 1739 ஜனவரி தொடக்கத்தில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் பிரசங்கித்தார்.

இனி என் கதை. முகாமில் இருந்து வந்த பிறகு, ஒவ்வொரு இரவும் பாவியின் ஜெபத்தை (பாவி என்று ஒத்துக்கொண்டு இயேசுவை ஏற்கிற ஜெபம்) நான் திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கெட்ட நினைப்பு வந்தால் செல்லாது, முதலில் இருந்து. ஒரு சொல் தடக்கினாலும் முதலில் இருந்து. சில இரவுகளில் சேவல் கூவிவிடும். கன்வென்சன் (பெரிய பிரசங்கக் கூட்டம்) வந்தால் முன்னுக்குப் போய் முழங்காலில் நிற்பேன், மற்ற நாளும் போவேன். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன். மனுசிதான் வவுனியா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் கிறிஸ்தவர் இல்லை. கை கழுவிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு வருகிற அதே வருத்தம் ஜெபத்திலும் வரும் என்றார். மருந்து தந்தார்; அதோடு ஒரு வேலையும் தந்தார்: ஜெபத்தை ஒரு முறை சொல், பிழை விட்டாலும் திருப்பிச் சொல்லாதே, அந்தப் பதற்றத்தோடு இருந்து பார்.

முதல் கிழமை நரகம். பிறகு எனக்குக் காணிக்கிளைப் புத்தியே உதவியது. பதிந்த உறுதியை நாளுக்கு ஒருதரம் பதியச் சொல்லி ஒருவர் வந்தால் நாங்கள் என்ன சொல்வோம்? "அது பதிஞ்சாச்சு, வீட்ட போங்கோ." அந்த எண்ணம் வரும்போது இதை ஒரே ஒருதரம் எனக்குச் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போவேன். மருந்து குடித்தால் விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள்; அவர்களில் இரண்டு பேர் சீனி வருத்தத்துக்குக் காலையும் மாலையும் குளிசை போடுகிறவர்கள். உங்கள் பயமும் இப்படி எண்ணிக்கையாகவும் திரும்பத் திரும்பவும் வருகிறது என்றால், சாக வேண்டும் என்ற நினைப்பும் கூட வருகிறது என்றால், வசனம் தேடுவதை நிறுத்திவிட்டு மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். இலங்கையில் 1926க்கு எடுத்தால் மனநலம் பற்றிக் கதைக்கலாம். வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1773இல் இருந்து 1800இல் சாகும்வரை, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே பெரும்பாலும் நம்பினார். அவர் எழுதிய பாட்டுகளால் தேறினவர்கள் எத்தனையோ பேர். அவருக்குக் கிடைக்காத மருந்து இப்போது எங்கள் வவுனியாவிலேயே கிடைக்கிறது.

மற்றபடி சின்ன வேலைகள்தான். தனியே பயப்படாதீர்கள், ஒருவரிடம் சொல்லுங்கள். வாய் இறுக்கமானவராகப் பார்த்து. திருவிருந்தை விடாதீர்கள். தகுதி வந்த பிறகு போகலாம் என்றால் அந்த ஞாயிறு வராது. கையை நீட்டினால் போதும், அப்பத்தைத் தருகிறவர் உணர்வு எத்தனை வீதம் என்று கேட்பதில்லை. உணர்வைச் சோதிக்கும் பழக்கம் வந்தால் அந்த நேரத்துக்கு யாருக்காவது ஒரு வேலை செய்துகொடுங்கள். 1 யோவான் 3:14, சகோதரரில் அன்புகூருகிறதைத்தான் அடையாளமாகச் சொல்கிறது.

பங்கர்க்காரர் போன மாதம் வந்தார், பகலில். ஒரு உரப்பையில் கச்சான் கொண்டுவந்திருந்தார். ஆலயத்துக்குள் இன்னும் வரவில்லை, ஆனால் இப்போது விறாந்தையில் இருக்கிறார். கதிரையில் சாய்ந்திருந்து கச்சானை உடைத்துக்கொண்டே, "சில இரவில இன்னும் வருது ஐயா" என்றார். வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாருங்கள், கேத்தில் அடுப்பில்தான் இருக்கும் என்றேன். லைட் இல்லாமல் வர வேண்டாம், குளக்கட்டில் யானை நிற்கிறது என்றும் சொல்லி அனுப்பினேன்.